காற்றுக்கும் வேலியா?

தோழனே!

நள்ளிரவு. அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலை ஒன்றிலே சரக்கு வண்டியை ஓட்டிச் செல்கிறான் ஒரு தொழிலாளி. இருபுறமும் இருள், கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் சோளக் கொல்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. வண்டியிலே பொருத்தப்பட்டிருக்கும் வானொலிப் பெட்டிதான் அவனுக்குத் தோழன், துணைவன், தூக்கத்தை விரட்டும் காவலன்.

பெட்டியைத் திருகுகிறான், ஒரு பாட்டு வருகிறது. நூறு கல் தொலைவு கடந்து வேறோர் ஊரின் எல்லைக்குள் நுழைகிறான். பழைய நிலையம் தேய்ந்து மறைகிறது. மீண்டும் திருகுகிறான், அதே பாட்டு! இன்னும் இருநூறு கல். மாநிலம் மாறிற்று, மண்ணின் நிறம் மாறிற்று, மக்கள் பேச்சின் சாயலும் மாறிற்று. வானொலி மட்டும் மாறவில்லை! அதே பாட்டு, அதே அறிவிப்பாளர், அதே சிரிப்பு, அதே விளம்பரம்.

நாடக மேடையிலே காட்சி மாறும்போது திரைச்சீலையும் மாறும். அரண்மனை போய்க் காடு வரும். காடு போய்ச் சிறைக்கூடம் வரும். காட்சிகள் எல்லாம் மாறிய பிறகும் ஒரே நடிகன், ஒரே உடையில், ஒரே வசனத்தை ஒப்புவித்துக்கொண்டு நின்றால் கொட்டகையிலே என்ன நடக்கும்? மக்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவர். அமெரிக்க வானொலியிலே அந்த நாடகம் முப்பதாண்டுக் காலமாக நடந்து வருகிறது.

அந்த வண்டியோட்டி, வழியிலே ஓர் உணவு விடுதியில் இறங்குகிறான். அங்கே தன்னைப் போன்ற இன்னொருவனைக் காண்கிறான். இருவருக்கும் ராக் இசை என்றால் உயிர்.

"கேட்கும்படியான ராக் நிலையம் ஒன்றுகூட இல்லையே, நண்பா!"

"எங்கள் ஊரில் இருந்தது. நாற்பதாண்டுக் காலம் இருந்தது."

"இப்போது?"

"விற்றுவிட்டார்கள்."

"யார் விற்றார்கள்?"

"தெரியாது."

"யாருக்கு விற்றார்கள்?"

"அதுவும் தெரியாது. ஒருநாள் காலையில் பெட்டியைத் திருகினேன். அந்த இடத்திலே வேறு ஏதோ இருந்தது."

இந்த உரையாடல் என் கற்பனைதான், தோழனே! ஆனால் அதன் பொருள் கற்பனையல்ல. பாஸ்டன் நகரிலே 1968ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ராக் இசை நிலையமாக மலர்ந்த டபிள்யூ.பி.சி.என்., 41 ஆண்டுகள் ஒலித்துவிட்டு, 2009 ஆகஸ்டிலே வாய்மூடிற்று. வாஷிங்டன் வட்டாரத்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த டபிள்யூ.எச்.எப்.எஸ்., 2005 சனவரி 12ஆம் நாள் நண்பகலில், நேயர்களிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல், வேறு நிலையமாக மாறிற்று. வந்தது ஸ்பானிய மொழி நிலையம். அந்த மொழி பேசும் மக்களுக்கு வானொலி கூடாதென்று நாம் சொல்லமாட்டோம். மொழிக்காகச் சிறை சென்றவர்களின் வழிவந்த நாம் அப்படிச் சொல்லலாமா? அவர்களுக்கும் வேண்டும், இவர்களுக்கும் வேண்டும். ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடமிருந்து பறிக்கத்தான் வேண்டுமென்று தீர்ப்பளித்தவர் யார்? நேயர்களா? இல்லை. கணக்கேட்டைப் புரட்டியவர்கள்!

"உழவன் விளைத்த பொருளுக்கு விலையில்லை, படித்த இளைஞனுக்கு வேலையில்லை. இந்த வேளையிலே, அமெரிக்காக்காரன் தலையாட்டிக் கேட்கும் பாட்டைப்பற்றி ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையா?" என்று நீ கேட்பது என் காதிலே விழுகிறது. கேட்கவேண்டிய கேள்விதான். நான் பாட்டைப்பற்றிப் பேசவரவில்லை, தோழனே! பாட்டு ஏறிவரும் காற்றைப்பற்றிப் பேசவந்தேன். நிலத்துக்கு உடைமையாளன் உண்டு, அறிவோம். நீருக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள், பார்க்கிறோம். காற்றுக்கும் வேலி போட்டவர்களின் கதை இது. அந்த வேலி எப்படி நடப்பட்டது, எந்தக் கை நட்டது, எவரெவர் பார்த்துக்கொண்டு நின்றனர் என்பதை அறிவது, பாட்டே பிடிக்காதவனுக்கும் தேவையான பாடம்.

முதலில், அந்தக் காற்று செய்த நற்பணியைச் சொல்லிவிடுகிறேன்.

1950களின் தொடக்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பேருந்திலே பின் இருக்கை. உணவு விடுதியிலே இடமில்லை. பள்ளிக்கூடம் தனி, குடிநீர்க் குழாயும் தனி. நமக்குப் புரியாததா இது? இரட்டைக் குவளையைக் கண்ட நாடல்லவா நம் நாடு! அவர்கள் பாடிய இசைக்கும் தனிச் சேரிதான். "இன இசை" என்று பெயர்சூட்டி, இசைத்தட்டு வணிகத்திலேயே தனிப்பட்டியலில் ஒதுக்கி வைத்திருந்தனர். 1949இல்தான் அந்தப் பெயரை மாற்றினர்.

பேருந்தைப் பிரித்தார்கள், பள்ளியைப் பிரித்தார்கள். காற்றைப் பிரிக்க முடிந்ததா? காற்றிலே ஏது பின் இருக்கை! மெம்பிசு நகரத்திலே டபிள்யூ.டி.ஐ.ஏ. என்னும் நிலையம், 1948 முதல் கறுப்பின அறிவிப்பாளர்களை அமர்த்திக் கறுப்பின மக்களுக்காகவே ஒலிபரப்பத் தொடங்கிற்று. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. பி. கிங், அங்கே அறிவிப்பாளராக இருந்தவர். அந்த ஒலி வெள்ளையர் தெருவின் எல்லையிலே நின்று அனுமதி கேட்கவில்லை. பெற்றோர் உறங்கிய பின்னர், பிள்ளைகளின் அறைக்குள்ளே நுழைந்தது. கிளீவ்லாந்து நகரிலே ஆலன் பிரீட் என்னும் வெள்ளை இளைஞர், 1951 முதல் இரவு நேரத்தில் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளையே சுழலவிட்டார். அந்த இசைக்கு "ராக் அண்டு ரோல்" என்னும் பெயரை நாடறியச் செய்தவர் அவர்தான். 1952 மார்ச்சிலே அவர் கூட்டிய இசைவிழாவுக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம் வந்து, கதவுகள் நெரிபட்டு, விழாவே பாதியில் நின்றது!

இன்னொரு காட்சி. 1954 சூலைத் திங்கள், மெம்பிசு நகரம். எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயது இளைஞனின் முதல் இசைத்தட்டு வானொலியிலே ஒலிக்கிறது. கேட்டவர்கள், பாடுபவன் கறுப்பினத்தவன் என்றே எண்ணுகிறார்கள். அறிவிப்பாளர் அந்த இளைஞனை அழைத்துவந்து ஒரு கேள்வி கேட்கிறார்: "நீ எந்தப் பள்ளியில் படித்தாய்?" ஏன் அந்தக் கேள்வி? பள்ளிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த காலம். பள்ளியின் பெயரைச் சொன்னால் நிறம் தெரிந்துவிடும்! "எந்தத் தெரு?" என்று கேட்டுச் சாதியைத் துழாவும் நம்மூர்த் தந்திரம் நினைவுக்கு வரவில்லையா, தோழனே? குரலைக் கேட்டு நிறம் காண முடியாத நிலையை வானொலி உண்டாக்கிவிட்டது. ஆதிக்கத்தின் அடித்தளத்திலே அது ஒரு விரிசல். சட்டம் செய்யத் தயங்கியதைச் சட்டையைப் பிடிக்காமலே செய்தது காற்று!

அந்த ஆலன் பிரீட்டின் முடிவு என்ன தெரியுமா? இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு பாடல்களை ஒலிபரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1959இல் வெடித்தது; நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்திற்று. பிரீட் வேலையிழந்தார், 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் தண்டம் கட்டினார், 1965இல், 43 வயதில், மாண்டார். அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடப் போவதில்லை; கை நீட்டியது தவறுதான். ஆனால் நடந்த மாற்றத்தைக் கவனி. "தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனி அறிவிப்பாளரிடம் இருப்பதால்தானே ஊழல்? அதை மேலாளரிடம் ஒப்படைப்போம்" என்றார்கள். ஒப்படைத்தார்கள். ஊழல் ஒழிந்ததா? 2005இல் நியூயார்க் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் விசாரித்தபோது, பெரும் இசைத்தட்டு நிறுவனமான சோனி பி.எம்.ஜி., ஒரு கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. சில்லறைத் திருட்டு ஒழிந்தது. மொத்த வணிகம் தொடங்கிற்று!

இனி, வேலி நட்ட கதை.

1960களிலே அமெரிக்காவில் மத்திய அலைதான் மன்னன். பண்பலை தரிசு நிலம். மத்திய அலையில் போவதையே பண்பலையிலும் அப்படியே அனுப்பிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தனர் நிலைய முதலாளிகள். வானொலியைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1964இல் ஒரு விதி வகுத்தது: பெரிய நகரங்களிலே பண்பலை நிலையங்கள் பாதி நேரமாவது தனி நிகழ்ச்சி நடத்தவேண்டும். முதலாளிகள் முனகினார்கள், இழுத்தடித்தார்கள், 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. விளைவு? திடீரென்று ஆயிரமாயிரம் மணி நேரம் வெறுமையாகக் கிடந்தது. நிரப்ப ஆள் வேண்டும்! சான்பிரான்சிஸ்கோ நகரிலே டாம் டோனகூ என்பவர், 1967 ஏப்ரலில், கே.எம்.பி.எக்ஸ். என்ற சிறு நிலையத்திலே அமர்ந்து, மூன்று நிமிடப் பாட்டுக்கு இருந்த முடியாட்சியைக் கவிழ்த்தார். பத்து நிமிடம் ஓடும் பாட்டா? ஓடட்டும்! போரை எதிர்க்கும் பாட்டா? ஒலிக்கட்டும்! பெயரறியாத குழுவா? கேட்போம்! அறிவிப்பாளரின் மனமே பட்டியல். மறு ஆண்டே நிர்வாகத்தோடு மோதல், வேலைநிறுத்தம், ஊழியர் கூண்டோடு வெளியேறி வேறு நிலையம் போனார்கள். பாட்டுப் போடுகிறவனும் தொழிலாளிதான் என்பதை அந்த ஊர் அன்று கண்டது.

நன்றாக மனத்தில் பதிய வை, தோழனே! அந்தப் பூங்காவை உண்டாக்கியது சந்தையல்ல; ஓர் அரசு விதி. "பொதுச்சொத்தைப் பூட்டி வைக்காதே, பயன்படுத்து" என்று சொன்ன ஒரு வரி விதி. அடுத்து வந்த அரசுகள் என்ன செய்தன?

ஒருவர் எத்தனை நிலையங்களை வைத்திருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவிலே ஓர் உச்சவரம்பு இருந்தது; நம் நாட்டில் நிலத்துக்கு இருப்பதைப் போல. 1950களில், நாடு முழுவதற்கும் சேர்த்து, மத்திய அலையிலே 7, பண்பலையிலே 7. 1980களில் 12, 12. 1994இல் 20, 20. படிக்கட்டைப் பார்த்தாயா? ஏறிக்கொண்டே போனவர்கள், 1996இல் கூரையையே பிரித்து எறிந்துவிட்டார்கள்! அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட தொலைத்தொடர்புச் சட்டம், நாடளாவிய உச்சவரம்பை அடியோடு நீக்கிற்று. பெருநகர் ஒன்றிலே ஒரே முதலாளி 8 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளவும் வழிவிட்டது. கீழவையிலே ஆதரவு 414, எதிர்ப்பு 16. மேலவையிலே ஆதரவு 91, எதிர்ப்பு 5. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடே இல்லை. மற்ற நாள்களிலே கீரியும் பாம்பும். அன்றைக்கு மட்டும் நகமும் சதையும்! "போட்டி பெருகும், விலை குறையும், பலகுரல் முழங்கும்" என்றார்கள். அங்காடியின் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரே ஆளை விட்டுப் பூட்டினார்கள்.

கிளியர் சானல் என்ற நிறுவனம், அச்சட்டம் வருமுன் ஏறத்தாழ 40 நிலையங்களை வைத்திருந்தது. ஆறே ஆண்டுகளில் 1,200க்கு மேல்! பெருமீன் சிறுமீனை விழுங்கும் என்பது பழைய கதை. இங்கே பெருமீன் குளத்தையே விழுங்கிற்று. விழுங்கியதைச் செரிக்கச் செலவைக் குறைக்கவேண்டும். உள்ளூர் அறிவிப்பாளர் எதற்கு? ஓர் ஊரிலே ஒருவர் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தால், அதைப் பல ஊர்களுக்கு அனுப்பலாமே! "நம் ஊர்" என்று அவர் உருகுவார். அந்த ஊரில் அவர் கால்வைத்திருக்கமாட்டார். பாடற்பட்டியல் தலைமையகத்திலே தயாராகும். பட்டியல் சுருங்கச் சுருங்கப் புதிய குழுவுக்கு இடமேது? வண்டியோட்டி நூறு கல்லுக்கொரு முறை ஒரே பாட்டைக் கேட்டது இதனால்தான்.

பட்டியல் தலைமையகத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2001 செப்டம்பர்க் கொடுமைக்குப் பின்னர், அதே நிறுவனத்தின் நிலையங்களுக்குள்ளே, "இந்நேரத்தில் ஒலிபரப்பும் முன் எண்ணிப்பார்க்கவேண்டியவை" என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களின் பட்டியல் சுற்றிற்று. "தடையல்ல, யோசனைதான்" என்றது நிறுவனம். இருக்கட்டும். அந்தப் பட்டியலிலே ஜான் லெனனின் "இமாஜின்" இருந்தது. போரற்ற உலகைக் கனவு காணும் பாட்டு அது. எந்தத் தணிக்கை அதிகாரியும் ஆணையிடவில்லை. எந்தக் காவலரும் கதவைத் தட்டவில்லை. ஒரே கை பல்லாயிரம் காதுகளின் சாவியை வைத்திருந்தால், தணிக்கைக்குச் சட்டமே தேவைப்படாது!

"பாட்டுப் போனால் போகட்டும்" என்பவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி. வடக்கு டக்கோட்டா மாநிலத்திலே மைனாட் என்று ஒரு நகரம். 2002 சனவரி 18. விடியற்காலை ஒன்றரை மணி அளவில், சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டது. கொள்கலன்கள் வெடித்து, அம்மோனியா நச்சுப்புகை ஊரை மூடிற்று. பனிக்காலம், கடுங்குளிர், மூச்சுத் திணறல். மக்கள் என்ன செய்வார்கள்? வானொலியைத் திருகினார்கள். அந்த ஊரின் வணிக வானொலி நிலையங்கள் ஆறு. ஆறும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம்! பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தனர். நெடுநேரம் எடுக்க ஆளில்லை. "எச்சரிக்கைக் கருவியை உள்ளூர் அதிகாரிகள் முறையாகப் பயன்படுத்தவில்லை" என்றது நிறுவனம். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். கருவி ஒன்று கோளாறாகலாம். ஆனால் ஆறு நிலையங்கள் ஆறு பேரிடம் இருந்திருந்தால், ஆறிலே ஒன்றிலாவது ஒரு மனிதன் விழித்திருந்திருக்கமாட்டானா? அன்று ஓர் உயிர் போயிற்று; முந்நூறுக்கு மேற்பட்டோர் துன்புற்றனர். நச்சுப்புகைக்கு நடுவே, யாரும் இல்லாத அறையிலிருந்து பாட்டு மிதந்துவந்த அந்த விடியற்காலையைவிடக் கொடிய காட்சியை எந்த நாடகாசிரியன் எழுதமுடியும்?

"நேயர்கள் விரும்பியதைத்தானே முதலாளி கொடுக்கிறார்" என்பது மறுப்பாளர் வாதம். விருந்திலே ஒரே கறியைப் பரிமாறிவிட்டு, "பார், எல்லோரும் இதையே உண்கிறார்கள்" என்று பெருமைப்படுவதைப் போன்றது இது. மேலும், முதலாளியே பிழைத்தாரா? கிளியர் சானல், 2008இல் பெருங்கடன் வாங்கிக் கைமாறிற்று. 2014இல் ஐகார்ட் மீடியா என்று பெயர் மாற்றிற்று. 2018இல், சுமார் 2,000 கோடி டாலர் கடனைச் சுமந்துகொண்டு, திவால் நீதிமன்றத்தின் படியேறிற்று. மக்களுக்கும் பயனில்லை, வணிகத்துக்கும் வாழ்வில்லை. 1996இல் கைதூக்கிய 505 பேரில், "தவறு செய்தோம்" என்று தலைகுனிந்தவர் எத்தனை பேர்?

"இன்றுதான் கைப்பேசியிலே கோடிப் பாட்டு இருக்கிறதே, வானொலி எதற்கு?" என்பது அடுத்த வாதம். உண்மைதான், வேண்டிய பாட்டு விரல் நுனியில். ஆனால் வேண்டும் என்று தெரிந்ததைத்தானே தேடமுடியும்? நீ நேற்றுக் கேட்டதைப் போன்றதையே நாளைக்கும் எடுத்துத் தரும் கணக்குப்பொறி அது. நீ அறியாததை, நீ கேட்க நினையாததை, உன் தெருவுக்கு அப்பால் பிறந்ததை, "இதைக் கேள்!" என்று ஒரு மனிதன் கொண்டுவந்து தந்தானே, அந்த நள்ளிரவுத் தோழமை எங்கே? வெள்ளைப் பிள்ளையின் படுக்கையறையிலே கறுப்பனின் பாட்டு ஒலித்தது, அவன் தேடியதாலா? இல்லை, காற்று கொண்டுவந்ததால்! அன்றியும், கைப்பேசியிலும் வேலி போட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. கொட்டகை புதிது, குத்தகைதாரர் முறை பழையது.

இனி, நமக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாளிகள் மட்டுமா காற்றுக்கு வேலி போட்டார்கள்? அரசுகளும் போட்டன, ஏழையின் கட்சி என்று சொல்லிக்கொண்ட அரசும் போட்டது!

பிரிட்டனிலே 1960களில் வானொலி என்றால் பி.பி.சி. ஒன்றுதான். பீட்டில்சு குழுவின் புகழ் உலகெங்கும் பரவிய நேரம். ஆனால் இசைத்தட்டுகளை நாளொன்றுக்குச் சில மணி நேரமே ஒலிபரப்பலாம் என்று ஓர் ஒப்பந்தக் கட்டு. இளைஞர்களின் தாகம் தணியவில்லை. 1964 மார்ச்சு 28ஆம் நாள், ரோனன் ஓ ராகிலி என்ற அயர்லாந்து இளைஞர், ஒரு பழைய கப்பலிலே ஒலிபரப்புக் கருவிகளை ஏற்றி, நாட்டின் கடல் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டு, "ரேடியோ கரோலின்" என்று முழங்கத் தொடங்கினார். நிலத்திலே இடம் மறுத்தார்கள். நீரிலே நின்று பாடினார்! "கடற்கொள்ளையர்" என்றனர் ஆட்சியாளர். அடுத்தடுத்துக் கப்பல்கள் முளைத்தன. அவர்களும் விளம்பரப் பணத்துக்கு வந்த வணிகர்களே, புனிதர்கள் அல்லர். எனினும் மக்கள் கேட்டனர், மகிழ்ந்தனர். தொழிற்கட்சி அரசு என்ன செய்தது? சட்டம் செய்து, 1967 ஆகஸ்டு 14 நள்ளிரவோடு அந்தக் கப்பல்களுக்குத் துணைநிற்பதையே குற்றமாக்கிற்று. ஆறே வாரம்! செப்டம்பர் 30ஆம் நாள் பி.பி.சி. புதிதாக "ரேடியோ ஒன்று" நிலையத்தைத் தொடங்கிற்று. யாரை வைத்து? கப்பலிலே பேசிய அதே இளைஞர்களை வைத்து! கொள்ளையர் என்று விரட்டியவர்களையே கோட்டைக்குள் அழைத்து மாலையிட்டனர். இன்னும் கேள்: அந்தக் கரோலினுக்கே, 50 ஆண்டுகள் கழித்து, 2017இல், அரசின் உரிமம் கிடைத்தது. கிடைத்த அலைவரிசை, முன்பு பி.பி.சி. பயன்படுத்தியது! காலத்தைவிடப் பெரிய நகைச்சுவை நடிகன் உண்டா, தோழனே?

நமக்கு இது புதிதா? அதற்குப் பன்னிரண்டாண்டுகள் முன்பே, 1952இல், டில்லியில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் தரக்குறைவு என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். மக்கள் செவ்வியல் இசைக்கு மாறினார்களா? இல்லை, பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள், கடலுக்கு அப்பால்! கொழும்பிலிருந்து இலங்கை வானொலி தமிழ்ப் பாட்டை அள்ளி வழங்கிற்று. தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளும் திண்ணைகளும் செவிசாய்த்தன. ஐந்தாண்டு பிடிவாதத்துக்குப் பின், 1957 அக்டோபர் 3ஆம் நாள், "விவித பாரதி" பிறந்தது. டில்லி இறங்கிவந்தது, இசையறிவு வளர்ந்ததால் அன்று. கேட்பவன் கைவிட்டுப் போனதால்! மக்களுக்கு எது நல்லதென்று மேலேயிருந்து ஒருவர் தீர்மானிப்பதும், எது இலாபமென்று மேலேயிருந்து ஒருவர் தீர்மானிப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். முன்னதற்குப் பெயர் ஆதிக்கம். பின்னதற்குப் பெயர் ஏகபோகம். இரண்டிலும் வாய்மூடி நிற்பவன் கேட்பவன்தான்.

ஆனால் கேட்பவன் வாய்திறந்தால்? அதற்கும் சான்று உண்டு. 2010 மார்ச்சிலே பி.பி.சி. நிர்வாகம், செலவைக் குறைப்பதாகச் சொல்லி, ராக் முதலான மாற்று இசைக்கென இருந்த "6 மியூசிக்" நிலையத்தை மூடப்போவதாக அறிவித்தது. நேயர்கள் பொங்கி எழுந்தார்கள், கடிதம் எழுதினார்கள், நிலையத்தின் வாயிலிலே திரண்டார்கள். அந்தச் சில திங்களிலேயே கேட்போர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. சூலையில், மேற்பார்வை அறக்கட்டளை அந்த முடிவை ஏற்க மறுத்தது. நிலையம் பிழைத்தது, பின்னாளில் அதன் நேயர் தொகை 20 இலட்சத்தையும் தாண்டிற்று. அது மக்கள் பணத்தில் நடக்கும் நிலையம். எனவே, மக்கள் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. பாஸ்டன் நேயர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? வேறுபாடு அங்கேதான் இருக்கிறது!

அமெரிக்காவிலும் ஒளிக்கீற்று உண்டு. 100 வாட்டு வலிமையில், சில கல் தொலைவுக்கு மட்டும் கேட்கும் சிறு நிலையங்களைப் பள்ளிகளும் சங்கங்களும் நடத்த, 2000ஆம் ஆண்டு ஆணையம் வழிசெய்தது. பெருநிலைய முதலாளிகள் "அலைவரிசை குழம்பும்" என்று கூச்சலிட்டு நாடாளுமன்றத்தில் தடுத்தனர்; பெரிய குழப்பம் வராதென்று ஆய்வு காட்டிய பின்னும் ஆண்டுகள் உருண்டன; 2011 சனவரியில்தான் அதிபர் ஒபாமாவின் கையொப்பத்தோடு தடை விலகிற்று. இன்று அத்தகைய சிறு நிலையங்கள் ஆயிரத்துக்கு மேல். யானைகள் மிதித்த காட்டிலே அருகம்புல் தலைதூக்கிவிட்டது!

நம் நாட்டிலும் அந்தப் புல்லுக்கு வித்து உண்டு. "அலைவரிசை பொதுமக்கள் சொத்து" என்று 1995 பிப்ரவரி 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் நடத்தும் சமுதாய வானொலிக்கு நாட்டிலேயே முதல்வழி காட்டியது எது? சென்னையிலே, 2004 பிப்ரவரி முதல் நாளில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த "அண்ணா பண்பலை"! பெயரைச் சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறதல்லவா? நிமிரட்டும். ஆனால் நிமிர்ந்த நெஞ்சோடு நின்றுவிடாதே. ஒரு வளாகத்தில் எழுந்தது ஒவ்வொரு வட்டத்திலும் எழவேண்டாமா? மீனவர் குப்பத்துக்குப் புயல் சொல்ல ஒரு குரல், நெசவாளர் தெருவுக்குக் கூலி பேச ஒரு குரல், பறையையும் ராக் இசையையும் ஒருசேர முழக்கும் இளைஞனுக்கு ஒரு குரல் வேண்டாமா? ஏலத்திலே மிகுதியாகக் கேட்டவனுக்கே காற்று என்ற நிலைக்கு எல்லை கட்டவேண்டாமா?

ஆகவே, தோழனே! அமெரிக்காவிலே இரண்டு பேர் உட்கார்ந்து, "நல்ல ராக் நிலையம் இல்லையே" என்று பெருமூச்சு விட்டால், பொழுதுபோகாதவர் புலம்பல் என்று தள்ளிவிடாதே. "எங்கள் காற்று எங்கே?" என்று அவர்கள் கேட்கிறார்கள், கேள்வியின் முழுவடிவம் அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். வேலியடைப்பவன் முதலில் ஓரத்திலேதான் கம்பு நடுவான். பாட்டிலே தொடங்குவான், செய்தியிலே முடிப்பான். முதல் கம்பு விழும்போதே கேட்கவேண்டும். உன் ஊரிலே நாளைக்கு ஒரு நிலையம் வாய்மூடினால், அது எவருக்குப் பிடித்த பாட்டு என்று பாராதே. அது எவர் கைக்குப் போகிறது என்று பார், கேள், கேட்டுக்கொண்டே இரு.

நிலத்துக்கு உச்சவரம்பு கேட்ட நாம், காற்றுக்கும் கேட்போம். விடியற்காலை ஒன்றரை மணிக்கு ஊர் மூச்சுத் திணறும்போது, ஒலிபரப்பு அறையிலே ஒரு மனிதன் விழித்திருக்கவேண்டும்!